வீட்டிலேயே டார்ச் லைட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லப்படும் டார்ச்சுக்கு, பேட்டரி ஹோல்டரையும் வயரையும் தவிர, நான்கு வகைப் பொருள்கள்தான் வேண்டும்: பென்சில் கட்டை (ஏஏ அளவு) மூன்று, 5 மி.மீ. வெள்ளை எல்இடி ஒன்று, 68 ஓம் ரெசிஸ்டர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் மின்தடை; ஓம் அதன் அலகு) ஒன்று, சின்ன ஸ்லைடு சுவிட்ச் ஒன்று. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த ஒரு டார்ச்சைச் சுற்றியவை. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யும் பெற்றோரையும், முதல் முறையாக வயரைத் தொடும் பெரியவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கடையில் மலிவாக டார்ச் கிடைக்கும்போது நாமே ஏன் செய்ய வேண்டும்?

பழுதானால் நாமே சரி செய்துகொள்ளலாம், அதற்காகத்தான். விலை குறைந்த டார்ச்சுகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஒட்டி மூடிய பிளாஸ்டிக்குக்குள் தலைமுடி அளவு வயர்தான் இருக்கும். ஒரு இணைப்பு விட்டுப்போனால் முழு டார்ச்சும் குப்பைக்குப் போகிறது. நீங்களே செய்ததில் எந்த வயர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா பகுதியில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட இரவுகளில் கையில் இருக்கும் டார்ச்சை நம்மால் பழுது பார்க்க முடியுமா என்பது பெரிய விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. பாடப்புத்தகத்தில் படிக்கும் ஓம் விதி (வோல்ட், கரண்ட், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவு), கையில் ஒரு வெளிச்சமாக வரும் இடம் இது. ஒரு பிள்ளை அந்தக் கணக்கைப் போட்டு, அதன்படி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுத்து, சுவிட்சைத் தள்ளியதும் எல்இடி எரிந்தால், அந்தப் பாடம் பிறகு மறக்காது.

பொருள்களை எங்கே வாங்குவது?

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலோ டிவி ரிப்பேர் கடையிலோ கேளுங்கள். ‘5 எம்எம் வெள்ளை எல்இடி, 68 ஓம் கால் வாட் ரெசிஸ்டர், மூன்று பென்சில் கட்டை போடும் பேட்டரி ஹோல்டர், ஸ்லைடு சுவிட்ச்’ என்று சொன்னால் போதும். எல்இடியும் ரெசிஸ்டரும் சில ரூபாய்தான் என்பதால் ஐந்தைந்தாக வாங்கி வையுங்கள். கற்றுக்கொள்ளும்போது ஒன்றிரண்டு எல்இடி போகத்தான் செய்யும்.

ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை நேரடியாகப் பேட்டரியில் இணைத்தால் என்ன ஆகும்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். டார்ச் கெட்டுப்போவதற்கும் இதுதான் முதல் காரணம்.

பழைய குண்டு பல்பில் இருக்கும் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடையும் கூடும். அதனால் அது தன்னைத்தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். எல்இடி அப்படி இல்லை. குறிப்பிட்ட வோல்ட் வரும் வரை அதில் கரண்ட் ஏறக்குறைய ஓடாது. அந்த அளவைத் தாண்டியதும் மளமளவென்று ஏறும். வெள்ளை எல்இடிக்கு அந்த அளவு சுமார் 3 வோல்ட். 20 மில்லிஆம்பியரில் 3.2 வோல்ட் எடுக்கும் எல்இடிக்கு இன்னும் கால் வோல்ட், அரை வோல்ட் கூடுதலாகக் கொடுத்தாலே கரண்ட் பல மடங்காகிவிடும். சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் கரண்ட் இழுக்கும், உள்ளே இருக்கும் சில்லு கருகும். மூன்று கட்டையின் 4.5 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால், முதலில் கண் கூசும்படி எரிந்துவிட்டு, சீக்கிரமே மங்கும் அல்லது அணைந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு எல்லை போடுவதுதான் ரெசிஸ்டரின் வேலை.

‘நான் இரண்டு கட்டையில் ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தேன், நன்றாகத்தானே எரிகிறது?’ என்று சிலர் கேட்பார்கள். இரண்டு கட்டைக்கு 3 வோல்ட்தான். எல்இடி அதன் முழு அளவை எட்டவே இல்லை, அதனால் கருகவில்லை. ஆனால் கட்டை கொஞ்சம் இறங்கியதும் வெளிச்சம் மங்கிவிடும், கட்டைக்குள் இன்னும் நிறைய சக்தி மிச்சம் இருக்கும்போதே. மூன்று கட்டையும் ஒரு ரெசிஸ்டரும்தான் சரியான வழி.

68 ஓம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

பேட்டரியின் வோல்ட்டிலிருந்து எல்இடி எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழியுங்கள். மீதியை, நமக்கு வேண்டிய கரண்ட்டால் வகுங்கள். வருவதுதான் ரெசிஸ்டர்.

மூன்று கட்டை 4.5 வோல்ட். வெள்ளை எல்இடி 3.2 வோல்ட். மீதி 1.3 வோல்ட். நமக்கு வேண்டிய கரண்ட் 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர். 1.3-ஐ 0.02-ஆல் வகுத்தால் 65 ஓம். கடையில் 65 ஓம் என்று ஒன்று கிடைக்காது. சாதாரணமாகக் கிடைக்கும் வரிசையில் 47, 56, 68, 82, 100 என்றுதான் வரும். எப்போதும் அடுத்த பெரிய மதிப்பை எடுங்கள், அதனால் 68.

ரெசிஸ்டர் சூடாகுமா என்றும் பார்த்துவிடலாம். 1.3 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் பெருக்கினால் 0.026 வாட். கால் வாட் ரெசிஸ்டருக்கு இது ஒரு சுமையே இல்லை.

இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். வயரைச் சீவுவதற்கு முன் தாளில் இதைப் போட்டுவிடுங்கள்.

68 ஓம் கிடைக்கவில்லை. 100 ஓம் போடலாமா?

தாராளமாக. கரண்ட் 13 மில்லிஆம்பியராகக் குறையும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, கட்டையும் கூடுதல் நாள் வரும். கீழே போவதில்தான் கவனம் வேண்டும். 47-க்குக் கீழே இறங்காதீர்கள்.

வண்ணக் கோடுகளைப் பார்த்து வாங்குங்கள். 68 ஓமுக்கு நீலம், சாம்பல், கருப்பு. 100 ஓமுக்குப் பழுப்பு, கருப்பு, பழுப்பு. கடைசியில் வரும் தங்கக் கோடு 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. பழுப்பு, கருப்பு, சிவப்பு வந்தால் அது 1000 ஓம். அதைப் போட்டால் எல்இடி மிக மங்கலாகத்தான் எரியும். ரெசிஸ்டரை எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம்.

எல்இடியில் பிளஸ் எது, மைனஸ் எது?

நீளமான கால் பிளஸ். கால்களை வெட்டிவிட்டால் எல்இடியின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள்; தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். மூன்று கட்டையின் வோல்ட்டுக்குத் திருப்பிப் போட்டாலும் எல்இடி கெட்டுப்போகாது. 9 வோல்ட் பேட்டரியில் மட்டும் அந்தத் தைரியம் வேண்டாம். பெரும்பாலான எல்இடிகள் பின்னோக்கி 5 வோல்ட்தான் தாங்கும்.

சரி, எப்படி இணைப்பது?

பேட்டரி ஹோல்டரின் சிவப்பு வயரிலிருந்து தொடங்குங்கள். அது சுவிட்சின் நடுக்காலுக்குப் போகட்டும். சுவிட்சின் ஓரக்கால்களில் ஏதாவது ஒன்றிலிருந்து ரெசிஸ்டருக்கு. ரெசிஸ்டரின் மறுமுனை எல்இடியின் நீளக்காலுக்கு. எல்இடியின் குட்டைக்கால் ஹோல்டரின் கருப்பு வயருக்கு. கட்டைகளைக் கடைசியில் போடுங்கள்.

முதலில் வயர்களை முறுக்கி மட்டும் இணைத்து, எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எரிந்த பிறகே ஈயம் வையுங்கள் (சால்டரிங் அயர்ன் என்ற சூடான கருவியால் ஈயக் கம்பியை உருக்கி இணைப்பது). ஈயம் வைக்கும் முன் கட்டைகளைக் கழற்றிவிடுங்கள். எல்இடியின் கால் அதிகச் சூடு தாங்காது. இரண்டு மூன்று விநாடிக்குள் அயர்னை எடுத்துவிட வேண்டும். இணைத்த இடம் ஒவ்வொன்றிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். எல்இடியின் இரண்டு கால்களும் மிக அருகில் இருப்பதால் ஒரு காலிலாவது கட்டாயம் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் டார்ச் கீழே விழும்போது ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்.

சால்டரிங் அயர்ன் இல்லை. டேப் மட்டும் போதுமா?

ஒரு வாரத்துக்குப் போதும். அப்புறம் முறுக்கு தளரும், செம்பு கறுக்கும், டார்ச்சைத் தட்டினால்தான் எரியும் நிலை வரும். அயர்ன் இல்லாதவர்கள் வயரிங் வேலைக்கு வைத்திருக்கும் திருகு கனெக்டரைப் பயன்படுத்தலாம். திருகை இறுக்கினால் நல்ல பிடி கிடைக்கும். ஈயம் வைப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாதாரண சால்டர் கம்பியில் உண்மையாகவே ஈயம் இருக்கிறது. சிறு பிள்ளைகளிடம் அந்தக் கம்பியைக் கொடுக்க வேண்டாம்.

வெளி உடலுக்கு எதைப் பயன்படுத்தலாம்?

ஹோல்டர் நுழையும் எந்தப் பிளாஸ்டிக் டப்பாவும் சரி. மூடியில் 5 மி.மீ. துளை போட்டால் எல்இடி கச்சிதமாக உட்காரும். நீளமான டார்ச் வேண்டும் என்றால் பிவிசி பைப் நன்றாக இருக்கும். ஏஏ கட்டை ஒன்றின் நீளம் சுமார் 50 மி.மீ., எனவே மூன்றும் வரிசையாக நிற்க 150 மி.மீ. வேண்டும், சுவிட்சுக்கும் எல்இடிக்கும் இன்னும் கொஞ்சம் விடுங்கள். கட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் பைப்பில் விட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிரதிபலிக்கும் கிண்ணம் தேவையில்லை. 5 மி.மீ. எல்இடியின் மேற்பகுதியே லென்ஸ் போல வளைந்திருப்பதால் வெளிச்சம் முன்னோக்கித்தான் போகும்.

எல்லாம் சரியாக இணைத்தேன், ஆனால் எரியவில்லை.

முதலில் எல்இடியைத் திருப்பிப் போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது கட்டைகள்: ஸ்பிரிங் பக்கம் மைனஸ் வர வேண்டும், மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் 1.5 வோல்ட்தான் மிஞ்சும். மூன்றாவது சுவிட்ச்: ஸ்லைடு சுவிட்சில் இரண்டு ஓரக்கால்களில் மட்டும் வயரை இணைத்து, நடுக்காலை விட்டுவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினாலும் எரியாது.

அப்படியும் எரியவில்லை என்றால் மல்டிமீட்டரை (வோல்ட், கரண்ட் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசியில் வைத்து வரிசையாகப் போங்கள். ஹோல்டரின் இரு வயரிலும் 4.5 வர வேண்டும். சுவிட்சைத் தாண்டியும் அதே வர வேண்டும். எங்கே நின்றுபோகிறதோ அங்கேதான் பழுது. எரியும்போது ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள், 1.36 வோல்ட் காட்டினால், 68-ஆல் வகுத்தால் 20 மில்லிஆம்பியர். சர்க்யூட்டை வெட்டாமலே கரண்ட்டைக் கண்டுபிடிக்கும் வழி இது, எனக்கு மிகவும் பிடித்த வழியும்கூட. மீட்டரை ஆம்பியரில் வைத்து நேராகக் கட்டையின் இரு முனைகளிலும் தொட்டுவிடாதீர்கள். அது ஷார்ட் செய்வதற்குச் சமம்.

ஏன் வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட், சிவப்புக்கு 2 வோல்ட்?

ஒளியின் நிறம் நீலத்தை நோக்கிப் போகப் போக அதன் சக்தி கூடும். அதை உண்டாக்க வோல்ட்டும் கூடுதலாக வேண்டும். வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது உள்ளுக்குள் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரில் (ஒளி பட்டால் வேறு நிறத்தில் ஒளிரும் பூச்சு) நீல ஒளியின் ஒரு பகுதி பட்டு மஞ்சளாக மாறுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. எரியாதபோது எல்இடிக்குள் உற்றுப் பார்த்தால் அந்த மஞ்சள் புள்ளி தெரியும்.

சிவப்பு எல்இடியை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962-லேயே எரிய வைத்துவிட்டார். பிரகாசமான நீலம் வர 1990-கள் ஆயின. அதைச் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் சில ரூபாய்க்கு வாங்கும் இந்த எல்இடி அந்த உழைப்பின் பயன்.

வானத்தைப் பார்ப்பவர்கள் சிவப்பு எல்இடியில் ஒரு டார்ச் செய்து வைத்துக்கொள்ளலாம். மங்கலான சிவப்பு ஒளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. மூன்று கட்டைக்கு 120 அல்லது 150 ஓம் போடுங்கள்.

எத்தனை மணி நேரம் எரியும்?

நல்ல ஆல்கலைன் பென்சில் கட்டையின் கொள்ளளவு 2000 மில்லிஆம்பியர்-மணிக்கு மேல். 20 மில்லிஆம்பியரால் வகுத்தால் 100 மணி நேரம். தினமும் இரவில் இரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை மாதம் வரும். கட்டை இறங்க இறங்க கரண்ட்டும் குறைவதால் பட்டென்று அணையாது; மெதுவாக மங்கி, மங்கிய நிலையில் இன்னும் பல மணி நேரம் எரியும். சாதாரண கார்பன் கட்டை மலிவு, ஆனால் இதைவிடக் கணிசமாகக் குறைவான நேரமே வரும்.

புதிய கட்டையோடு பழையதைக் கலக்காதீர்கள். பழையது முதலில் தீர்ந்துவிடும், மற்ற இரண்டும் அதன் வழியாகக் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கடைசியில் அது ஒழுகும்.

வெளிச்சம் போதவில்லை. இன்னும் எல்இடி சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி 68 ஓம் வேண்டும். மூன்று எல்இடியையும் ஒன்றாகக் கட்டி ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாகப் போடுவது பலர் செய்யும் தவறு. ஒரே பாக்கெட்டில் வந்த எல்இடிகள்கூட வோல்ட்டில் கொஞ்சம் வித்தியாசப்படும். குறைவாக எடுப்பது மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்து முதலில் கருகும், அப்புறம் அடுத்தது.

தோட்டத்துக்கோ வயலுக்கோ போக வேண்டும் என்றால் 1 வாட் எல்இடி வாங்குங்கள். அது 350 மில்லிஆம்பியர் இழுக்கும். அதே கணக்கைப் போட்டால் 3.9 ஓம் வரும், ரெசிஸ்டரில் அரை வாட் சூடு போவதால் 1 வாட் ரெசிஸ்டர் தேவை. எல்இடியை அலுமினியத் தகட்டில் பொருத்தாமல் எரிய விடக்கூடாது. சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் அது போய்விடும். கட்டையும் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். வீட்டுக்குள் நடமாட அந்த வெளிச்சம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

9 வோல்ட் சதுரப் பேட்டரி போடலாமா?

330 ஓம் போட்டால் எரியும். ஆனால் 9 வோல்ட்டில் 3.2 மட்டும் எல்இடிக்குப் போய், மீதி எல்லாம் ரெசிஸ்டரில் சூடாக வீணாகிறது. அந்தப் பேட்டரியின் கொள்ளளவும் பென்சில் கட்டையைவிட மிகக் குறைவு, விலையோ அதிகம்.

ரீசார்ஜ் செய்யும் கட்டை? லேப்டாப்பிலிருந்து எடுத்த லித்தியம் செல்?

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் கட்டை ஒன்று 1.2 வோல்ட். மூன்று போட்டால் 3.6, அதற்கு 22 ஓம். நான்கு போட்டால் 4.8, அதற்கு 82 ஓம். நான்கு போடுவதுதான் நல்லது, வெளிச்சம் நிலையாக இருக்கும்.

18650 என்ற லித்தியம் செல் வேறு விஷயம். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், கணக்குப்படி 56 ஓம் போதும். ஆனால் அது ஷார்ட் ஆனால் பென்சில் கட்டை போல வெறும் சூட்டோடு நிற்காது, தீப்பிடிக்கும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லில் பாதுகாப்புச் சர்க்யூட் கூட வராது. செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைப்பதும் ஆபத்து. முதல் டார்ச்சுக்கு இது வேண்டாம். பழகிய பிறகு செய்பவர்கள் பாதுகாப்போடு வரும் டிபி4056 சார்ஜிங் போர்டும் முறையான ஹோல்டரும் வைத்துச் செய்யுங்கள்.

பியூஸ் போன வீட்டு எல்இடி பல்பிலிருந்து எல்இடியைக் கழற்றிப் பயன்படுத்தலாமா?

ஆசை நியாயமானதுதான், ஆனால் பெரும்பாலும் பலிக்காது. அந்தப் பல்புகளில் உள்ள ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் பல சில்லுகள் தொடராக இருக்கலாம். ஒன்று எரியவே 6, 9, 18 வோல்ட் என்று கேட்கும். மூன்று கட்டையில் அவை அசையாது. அந்தப் பல்பை ஹோல்டரில் வைத்துக்கொண்டே பிரிக்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது.

தீர்ந்துபோன ஒற்றைக் கட்டையில் எல்இடியை எரிய வைக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஜூல் தீஃப் என்று இதற்குப் பெயர். டார்ச்சில் மங்கிப்போன கட்டையில் ஒரு வோல்ட் அளவு இன்னும் இருக்கும். ஒரு டிரான்சிஸ்டரும் (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச் போன்ற மூன்று கால் பாகம்) ஒரு சிறு ஃபெரைட் வளையமும் (காந்தத் தன்மையுள்ள கருப்பு வளையம்) சேர்ந்து, அந்தக் குறைந்த வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, எல்இடிக்குப் போதுமான அளவுக்கு உயர்த்துகின்றன.

வளையத்தில் இரண்டு மெல்லிய எனாமல் வயர்களைச் சேர்த்துப் பிடித்து 12 சுற்று போல் சுற்றுங்கள். முதல் வயரின் தொடக்கத்தையும் இரண்டாவதன் முடிவையும் சேர்த்துக் கட்டையின் பிளஸ்ஸில் கொடுங்கள். மிஞ்சும் இரண்டு முனைகளில் ஒன்று பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு, மற்றது 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. எமிட்டர் கட்டையின் மைனஸுக்கு. எல்இடியின் நீளக்கால் கலெக்டரில், குட்டைக்கால் எமிட்டரில். டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தை உங்களைப் பார்க்க வைத்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எரியவில்லை என்றால் ஒரு வயரின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள்; பெரும்பாலும் அதுதான் கோளாறு. எனாமலை முனையில் நன்றாகச் சுரண்டினீர்களா என்றும் பாருங்கள்.

இந்தச் சர்க்யூட்டை எல்லோரும் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். குப்பைக்குப் போக வேண்டிய கட்டை இன்னும் பல இரவுகள் எரியும்.

குழந்தைகள் செய்யலாமா?

பெரியவர் பக்கத்தில் இருந்தால் நிச்சயமாக. 4.5 வோல்ட் ஷாக் அடிக்காது. கட்டையின் இரு முனைகளையும் வெறும் வயரால் இணைத்தால் மட்டும் வயர் சுடும். வீட்டுப் பிளக் பாயிண்டுக்கும் இந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

சிஆர்2032 போன்ற பட்டன் பேட்டரியைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டார்ச்சை எடுத்து வைத்திருந்தேன், கட்டை ஒழுகி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம். ஒழுகிய கட்டைகளை வெறும் கையால் தொடாமல் எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் கட்டை ஒழுகினால் வருவது காரம். அதை எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த பஞ்சால் துடைத்தால் கரையும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஸ்பிரிங் அரித்தே போயிருந்தால் ஹோல்டரை மட்டும் மாற்றினால் போதும். எல்இடியும் ரெசிஸ்டரும் சுவிட்சும் அப்படியே இருக்கட்டும். இனிமேல் மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கும்போது கட்டைகளைக் கழற்றி, டார்ச்சோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.